பாதியில் நின்ற மஸில் காரை வாங்கும் முன்

"தொண்ணூறு சதவீத வேலை முடிந்துவிட்டது, மாட்டினால் போதும்." பழைய அமெரிக்க மஸில் கார் விளம்பரங்களைப் புரட்டினால் இந்த வரி கண்ணில் படாமல் இருக்காது. கூடவே ஒரு படம் இருக்கும். காரேஜ் நடுவில் சாம்பல் நிற ப்ரைமர் (பெயிண்டுக்கு முந்திய அடிப்பூச்சு) அடித்த வெறும் கூடு, சுற்றிலும் அட்டைப்பெட்டிகள், மூலையில் பாலித்தீன் பையில் கட்டி நிறுத்திய ஒரு வி8 என்ஜின். அதே கார் ஓடும் நிலையில் விற்கும் விலையில் மூன்றில் ஒரு பங்குதான் கேட்பார்கள். மனசு உடனே கணக்குப் போட ஆரம்பித்துவிடும்.

டெட்ராய்ட்டை ஒட்டிய புறநகரில் பதினேழு வருஷமாக இருக்கிறேன். இப்படிப் புதுப்பிக்கும் வேலை பாதியில் நின்ற இரண்டு கார்களை வாங்கி முடித்திருக்கிறேன். நண்பர்களுக்குத் துணையாகப் போய்ப் பார்த்து, வேண்டாம் என்று திரும்பியவை இருபதுக்கு மேல் இருக்கும். ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை உட்வர்ட் அவென்யூவில் பழைய கார்கள் வரிசைகட்டிப் போவதைப் பார்த்துவிட்டு, நோவாய், ட்ராய் பக்கம் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் யாராவது ஒருவர் ஒவ்வொரு வருஷமும் கூப்பிடுவார்: "அண்ணா, நானும் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன்." அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இதை மனசில் வையுங்கள். முடித்துவிட்டதாகச் சொல்லும் வேலைக்குப் பணம் கொடுக்காதீர்கள். அந்த வேலை எப்படி நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. பாதிக்கு மேல் பெயிண்டுக்கு அடியில் மறைந்திருக்கும். பணம் மூன்று விஷயங்களுக்குத்தான்: துருப்பிடிக்காத தகடு, வில்லங்கமில்லாத தாள், காணாமல் போகாத சாமான்கள். இந்த மூன்றும் சரியாக இருந்தால் செய்த வேலை இலவசமாக வந்ததாக நினைத்துக்கொள்ளலாம். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது அதிக விலைதான்.

எந்தக் காரைத் தேடுவது

நடுத்தர அளவு கார் ஒன்றில் பெரிய காருக்கான என்ஜினை வைத்து, இளைஞர்கள் வாங்கக்கூடிய விலைக்கு விற்றதுதான் மஸில் கார். 1964-ல் வந்த போண்டியாக் ஜி.டி.ஓ.விலிருந்து கதையைத் தொடங்குவது வழக்கம். நடுத்தரக் கார்களுக்கு 330 கன அங்குலத்துக்கு மேல் என்ஜின் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் வைத்திருந்த உள்விதியைத் தாண்ட, அதன் போண்டியாக் பிரிவில் ஜான் டிலோரியன் தலைமையிலிருந்த பொறியாளர்கள் 389 கன அங்குல என்ஜினைத் தனி மாடலாக இல்லாமல், டெம்பெஸ்ட் லெமான்ஸ் காருக்கான ஒரு ஆப்ஷனாகக் கொண்டுவந்தார்கள். இந்த வரலாறு ரசிப்பதற்கு மட்டும் அல்ல, வாங்கும்போது இதில் பணம் இருக்கிறது. ஏன் என்று கொஞ்சம் கீழே பார்ப்போம். காப்பீட்டுக் கட்டணம், புகைக் கட்டுப்பாடு, 1973-ன் எண்ணெய் நெருக்கடி எல்லாம் சேர்ந்து பத்தே வருஷத்தில் அந்தக் காலத்தை முடித்துவிட்டன.

முதல் முறை வாங்குகிறவர்கள் அபூர்வமான காரைத் தேடிப் போகவே கூடாது. நிறைய விற்ற காருக்குத்தான் இன்றும் புதிதாகச் சாமான் செய்கிறார்கள். ஃபோர்ட் மஸ்டாங் 1966 மாடலில் மட்டும் ஆறு லட்சத்துக்கு மேல் தயாரானது. 1969 செவி (ஷெவ்ரொலே) கமாரோ இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேல். இந்த இரண்டுக்கும் தரைத் தகட்டிலிருந்து கதவு ரப்பர் வரை கேட்லாக்கில் கிடைக்கும். சில வருஷ மாடல்களுக்கு முழுக் கூடே புதிதாக அடித்து விற்கிறார்கள். செவி ஷெவெல், நோவா, டாட்ஜ் டார்ட் இவையும் பரவாயில்லை. ஏ.எம்.சி. ஜாவலின் அழகான கார்தான், எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் அந்தக் கம்பெனியே 1987-ல் கிறைஸ்லரோடு கலந்து மறைந்துவிட்டது. ஒரு பின்விளக்கு வளையத்துக்காக நாலு மாநிலம் தேட வேண்டியிருக்கும். பாதியில் நின்ற காரில் சாமான் காணாமல் போயிருப்பது சகஜம் என்பதால், ஓடுகிற காரை வாங்குகிறவரைவிட உங்களுக்கு இது பல மடங்கு முக்கியம்.

கார் எந்த மண்ணில் வளர்ந்தது என்றும் கேளுங்கள். டெட்ராய்ட் நகரத்துக்கு அடியில், ஆயிரம் அடிக்கும் கீழே, ஒரு உப்புச் சுரங்கமே இருக்கிறது. குளிர்காலத்தில் பனி உருகுவதற்காக எங்கள் சாலைகளில் கொட்டும் உப்பு, கார்த் தகட்டைக் கரையான் போல அரித்துவிடும். அரிசோனா, நியூ மெக்ஸிகோ போன்ற வறண்ட ஊர்க் கார்களில் சீட் வெயிலில் வெடித்திருக்கும், டாஷ்போர்டு பிளந்திருக்கும். தகடு மட்டும் கெட்டியாக இருக்கும். சீட்டை மாற்றுவது சுலபம். தூரத்திலிருந்து ஏற்றிவரும் வாடகை, உள்ளூரில் துருவுக்குச் செய்யும் செலவில் ஒரு மூலைக்குக் காணாது.

போவதற்கு முன்பே கேட்க வேண்டிய தாள்

டைட்டில் என்பது நம்மூர் ஆர்.சி. புக் மாதிரி, காரின் உரிமைப் பத்திரம். பிரித்துப் போட்ட கார்கள் கைமாறும்போது யாரும் அதைத் தங்கள் பெயருக்கு மாற்றுவதில்லை, ஓடாத காருக்கு எதற்குப் பதிவு என்று விட்டுவிடுவார்கள். அதனால் டைட்டிலில் இருக்கும் பெயர் இரண்டு கைக்கு முந்தியவருடையதாக இருக்கும். அவர் கையெழுத்து மட்டும் போட்டு, வாங்குபவர் பெயர் வெற்றிடமாக இருக்கும். விற்பவரின் அடையாள அட்டையும் டைட்டிலில் உள்ள பெயரும் ஒன்றாக இல்லையென்றால், அவர்களே முதலில் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டு வரட்டும். டைட்டிலில் பழைய கடன் கொடுத்த வங்கியின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான கடிதமும் வேண்டும். அந்த வங்கி நாற்பது வருஷத்துக்கு முன் மூடியிருந்தாலும் பதிவு அலுவலகம் அதைக் கேட்கும்.

எல்லா மாநிலத்திலும் ஒரே விதி இல்லை. உதாரணமாக நியூயார்க்கில் 1972 மாடல் வரைக்குமான கார்களுக்கு டைட்டிலே கிடையாது, பதிவுச் சீட்டுதான் உரிமைச் சான்று. ஆகவே "டைட்டில் இல்லை" என்றதும் திருட்டு என்று முடிவு கட்டவும் வேண்டாம், "எங்க ஸ்டேட்ல தேவையில்ல" என்றதும் நம்பிவிடவும் வேண்டாம். உங்கள் மாநிலப் பதிவு அலுவலகத்தில், இந்த மாநிலத்திலிருந்து இந்தத் தாளோடு வந்தால் ஏற்பீர்களா என்று ஒரு ஃபோன் செய்து கேட்டுவிட்டுப் பிறகு காரைப் பார்க்கப் புறப்படுங்கள். இன்றைய கார்களுக்கு நம்பரைப் போட்டு வரலாறு பார்க்கும் இணைய அறிக்கைகள் இங்கே பெரிதாக உதவாது. 17 இலக்க வின் நம்பர், அதாவது காரின் அடையாள எண், 1981 மாடலிலிருந்துதான் வந்தது. அதற்கு முந்திய கார்களின் நம்பர் குட்டையானது, கம்பெனிக்குக் கம்பெனி வேறு.

நம்பர் பேசும்

அந்தக் குட்டை நம்பரைப் படிக்கக் கற்றுக்கொள்வதற்கு ஒரு மாலைநேரம் போதும். 1967 மஸ்டாங்கில் நம்பர் 7, ஆர், 02, எஸ் என்று தொடங்கினால்: 7 என்பது 1967, ஆர் என்பது கலிஃபோர்னியாவின் சான் ஹோசே தொழிற்சாலை, 02 ஃபாஸ்ட்பேக் (கூரை பின்பக்கம் சரிந்து இறங்கும் வடிவம்), எஸ் என்பது 390 கன அங்குல என்ஜின். டி (T) என்றிருந்தால் ஆறு சிலிண்டர் கார். இப்போது பெரிய வி8 அதில் உட்கார்ந்திருந்தாலும் பிறந்தது ஆறு சிலிண்டராகத்தான். டாட்ஜ், பிளிமத் கார்களிலும் 1966 முதல் ஐந்தாவது எழுத்து என்ஜினைச் சொல்லும். 1969 சார்ஜரில் எல் என்றால் 440, ஜே என்றால் 426 ஹெமி.

செவியில்தான் ஏமாறுவார்கள். 1972-க்கு முன் செவி நம்பரில் வி8-ஆ, ஆறு சிலிண்டரா என்பது தெரியும். எந்த வி8 என்று தெரியாது. 1966 முதல் 1968 வரை ஷெவெல் எஸ்.எஸ். (சூப்பர் ஸ்போர்ட், ஷெவெலின் பலமான வகை) தனி மாடல், நம்பரில் 138 என்று தொடங்கும். 1969-லிருந்து அது வெறும் ஆப்ஷன் ஆகிவிட்டது, நம்பரில் ஷெவெலின் சாதாரண வகையான மாலிபு மாதிரி 136 என்றுதான் இருக்கும். ஜி.டி.ஓ.விலும் இதே கதை, தலைகீழாக: 1964, 1965-ல் ஆப்ஷன் என்பதால் நம்பர் காட்டிக்கொடுக்காது, 1966 முதல் 1971 வரை 242 என்று தனியாக வரும். முதலில் சொன்ன வரலாற்றில் பணம் இருக்கிறது என்றது இதைத்தான். 1970 ஷெவெலின் 450 குதிரைத்திறன் எல்.எஸ்.6 என்ஜின் கார் என்று சொல்லி, மாலிபுவின் கூட்டையும் எஸ்.எஸ். கிரில்லையும் தருபவர்கள் உண்டு. காரை எஸ்.எஸ். ஆக்கியது தப்பில்லை, எஸ்.எஸ். விலை கேட்பதுதான் தப்பு.

அதனால் தொழிற்சாலைத் தாளைக் கேளுங்கள். பிரித்த காரில் இது கிடைக்க வாய்ப்பு அதிகம். கார் செய்யும்போது கூடவே போன பில்ட் ஷீட், செவி கார்களில் பெரும்பாலும் பெட்ரோல் டேங்கின் முதுகில் ஒட்டிக்கிடக்கும். டாட்ஜ், பிளிமத்தில் பின் சீட்டின் ஸ்பிரிங்குகளுக்குள் செருகியிருக்கும். பழைய சீட்டை மூலையில் போட்டிருந்தால், திருப்பிப் போட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். எலி கடித்த மஞ்சள் தாளாக இருந்தாலும் அதற்கு மதிப்பு உண்டு. 1967 முதலான ஃபோர்டுக்கு மார்ட்டி ரிப்போர்ட் என்றும், போண்டியாக்குக்கு பி.எச்.எஸ். ஆவணம் என்றும் பணம் கட்டிப் பெறலாம். கம்பெனியின் பதிவேட்டிலிருந்து எடுத்துத் தருவது. கொஞ்சம் செலவு, ஆயிரக்கணக்கில் மிச்சம்.

நம்பர் தகடு காரில் இருக்க வேண்டும், கவரில் அல்ல. "பெயிண்ட் அடிக்கக் கழட்டினேன், இதோ இருக்கு" என்று ஜிப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். வின் தகட்டைக் கழற்றுவதும் மாற்றுவதும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி ஐந்து ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். நேர்மையான பழுதுபார்ப்புக்கு விலக்கு உண்டுதான். ஆனால் அந்த நேர்மையை நாலு வருஷம் கழித்துப் போலீஸிடம் நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். 1967 வரை மஸ்டாங்கில் டிரைவர் பக்க உள் மட்கார்டின் மேல் விளிம்பில் நம்பரைத் தகட்டிலேயே அடித்திருப்பார்கள். 1968-லிருந்து மூன்று பெரிய கம்பெனிகளும் (ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்ட், கிறைஸ்லர்) டாஷ்போர்டின் மேல், முன்கண்ணாடி வழியாகத் தெரியும்படி வைத்தன. அதே காலத்திலிருந்து டாட்ஜ், பிளிமத்தில் ரேடியேட்டர் தாங்கியிலும் டிக்கி விளிம்பிலும் நம்பரின் கடைசி இலக்கங்கள் இருக்கும். வெளி மட்கார்டு கழற்றியிருப்பது உங்களுக்கு வசதி: நம்பர் அடித்த இடத்தைச் சுற்றி வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று விரலால் தடவியே பார்த்துவிடலாம்.

தகட்டைப் படிப்பது

இதற்கு மட்டும் முழுசாக ஒரு மணி நேரம் வையுங்கள். கொண்டுபோக வேண்டியவை: நல்ல டார்ச், துணி சுற்றிய சின்னக் காந்தம், ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு பாட்டில் தண்ணீர், படுப்பதற்கு ஒரு அட்டை, அழுக்கானால் கவலையில்லாத சட்டை.

ப்ரைமரைப் பார்த்து மயங்காதீர்கள். சாதாரண ப்ரைமர் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் நிறைந்தது, ஈரத்தை உறிஞ்சும். எபாக்ஸி ப்ரைமர் மட்டும்தான் தகட்டை ஓரளவு மூடிப் பாதுகாக்கும். சாதாரண ப்ரைமரோடு எட்டு வருஷம் ஈரமான காரேஜில் நின்ற கார், வெளியே வெல்வெட் மாதிரி இருக்கும். அடியில் துரு நரம்பு நரம்பாக ஓடியிருக்கும். எந்த ப்ரைமர், எந்த வருஷம், ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் தெரியவில்லையென்றால் வெறும் தகடு வரை திரும்பச் சுரண்ட வேண்டும் என்றே கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். மணல் அடித்துச் சுத்தம் செய்திருந்தால், பானெட்டையும் கூரையையும் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். வேகமாக அடித்தால் மெல்லிய தகடு சூட்டில் நெளிந்துவிடும், பிறகு எந்த டிங்கராலும் எளிதில் நேராக்க முடியாது.

காந்தத்தைப் பின் சக்கரத்துக்கு மேல், பின்கண்ணாடியின் கீழ் மூலைகள், கதவின் அடிப்பகுதி, சக்கரத்துக்குப் பின்னால் மட்கார்டின் கீழ் நுனி என்று நகர்த்துங்கள். பிடிப்பு தளர்ந்தால் அங்கே பட்டி தடிமனாக இருக்கிறது. மெல்லிசாகப் பட்டி போடுவது நியாயமான வேலை. காந்தம் விழுகிற அளவு என்றால் அடியில் தகடே இல்லாமல் இருக்கலாம். வினைல் கூரை போட்டு வந்த கார் என்றால் கூரையில் இரண்டு முறை தேடுங்கள், அந்த வினைலுக்கு அடியில் தண்ணீர் தங்கியிருக்கும்.

தண்ணீர் பாட்டில் எதற்கென்றால், என் முதல் கார் ஒரு 1967 மஸ்டாங். ஒஹாயோவில் ஒரு பண்ணை வீட்டுக் கொட்டகையில் வாங்கியது. தரைத் தகடு இரண்டு பக்கமும் புதுசு, கறுப்புப் பெயிண்டில் மின்னியது. அதைப் பார்த்துத்தான் பேரமே பேசாமல் வாங்கினேன். வீட்டுக்கு வந்து, முன்கண்ணாடிக்குக் கீழே காற்றுப் புகும் துளைகள் இருக்கும் கவுல் பகுதியில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினேன். ஊற்றிவிட்டுக் கீழே குனிந்தால், டாஷ்போர்டுக்கு அடியில் முதலில் ஒரு துளி தொங்கியது, துருக் கலந்து டீ நிறத்தில். அது விழுந்ததும் அடுத்தது. பிறகு கம்பியாக இறங்கி அந்தப் புதுத் தரையில் குட்டையாகத் தேங்கியது. பழைய தரை எதனால் அழுகியதோ அந்தக் காரணத்தைத் தொடாமல், தரையை மட்டும் மாற்றியிருந்தார்கள். கவுலைத் திறக்க நூறுக்கும் மேற்பட்ட ஸ்பாட் வெல்டுகளை ஒவ்வொன்றாகத் துளைக்க வேண்டியிருந்தது. அந்த வேலைக்கு ஒரு முழுக் குளிர்காலம் போனது. ஊற்றிய தண்ணீர் இரண்டு ஓரமாகப் போய், முன் மட்கார்டுக்குப் பின்னால் வெளியே வடிய வேண்டும். உள்ளே ஒரு சொட்டுகூட வரக்கூடாது. எந்த மஸ்டாங்கைப் பார்க்கப் போனாலும் விற்பவரின் அனுமதியோடு இதைச் செய்யாமல் நான் பேச்சைத் தொடங்குவதில்லை.

அடுத்து, வெட்டி ஒட்டிய வேலை. தரையை மாற்றியிருந்தால் அடியில் படுத்துப் பாருங்கள். பழைய துருவின் மேலேயே புதுத் தகட்டைப் படுக்க வைத்து ஒட்டியிருக்கிறார்களா, ஓரம் வெட்டிச் சேர்த்திருக்கிறார்களா? மேலே படுக்க வைத்ததென்றால் இரண்டுக்கும் நடுவில் ஈரம் தங்கும், எல்லாவற்றையும் மறுபடி அறுக்க வேண்டும். மஸ்டாங், டார்ட், சேலஞ்சர் போன்ற கார்களுக்குத் தனிச் சேஸ் கிடையாது; கூடுதான் சேஸ். முட்டுக் கொடுக்காமல் தரையை அறுத்தால் கூடு வளைந்துவிடும். கன்வெர்ட்டிபிளில் கூரையும் இல்லாததால் இன்னும் மோசம். நண்பர் ஒருவரோடு ஒரு ஃபயர்பர்ட் கன்வெர்ட்டிபிள் பார்க்கப் போனேன். வெல்டிங் தையல் போட்ட மாதிரி அழகாக இருந்தது. கதவை எடுத்து மாட்டச் சொன்னோம். சாத்திப் பார்த்தால், பின் இடுக்கில் மேலே பென்சில் நுழையவில்லை, கீழே விரல் நுழைந்தது. நடுவில் தொங்கிப்போன உடம்பு. கதவுகள் கழற்றி வைத்திருக்கும் காரில் ஒரு கதவையாவது மாட்டிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். இருவர் பிடித்தால் பத்து நிமிஷ வேலை. மறுத்தால் அதுவே பதில்.

டப்பாக்கள்

புதிதாக வாங்குகிறவர்கள் அதிகம் இழப்பது இங்கேதான், ஆனால் பார்க்கப் போகும்போது யாரும் பெட்டியைத் திறப்பதில்லை. அட்டைப்பெட்டியில் மேலாகத் தெரியும் இரண்டு பளபள குரோம் சாமானைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள்.

இரண்டு பழைய பெட்ஷீட் எடுத்துப் போங்கள். தரையில் விரித்து, ஒவ்வொரு பெட்டியையும் கொட்டி, காரில் இருக்கும் வரிசையிலேயே அடுக்குங்கள்: முன்பக்கச் சாமான் முன்னால், கதவுச் சாமான் இரு பக்கமும், டிக்கிச் சாமான் பின்னால். கையில் அந்த மாடலுக்கான அசெம்பிளி மேனுவலின் மறுபதிப்பு இருக்கட்டும். சாமான் கடை கேட்லாக்கில் வரும் பிரித்துக் காட்டிய படங்களும் போதும். அடுக்கியதும் ஓட்டைகள் தானாகத் தெரியும். இடது கதவின் கண்ணாடி ஏற்றும் ரெகுலேட்டர் இருக்கிறது, வலதுக்கு இல்லை. ஒரே பக்கத்து ஹெட்லைட் கிண்ணம் இரண்டு இருக்கிறது. இது நான் கண்ணால் பார்த்தது. பல வருஷத்தில் வேறு காரின் சாமான் கலந்துவிடும். புது மட்கார்டு காணோம் என்றால் பயப்படாதீர்கள், கேட்லாக்கில் வரும். பயப்பட வேண்டியது பல மாடல்களுக்கு யாரும் திரும்பச் செய்யாத சின்னச் சாமான்களுக்கு: பம்பரைத் தாங்கும் பிராக்கெட், பானெட் கீல், ஸ்டியரிங் தண்டின் உறுப்புகள், கண்ணாடியைச் சுற்றிய பளபளப் பட்டை, நடுக் கன்சோல். விளக்கு வளையம் போன்றவை துத்தநாகக் கலவையில் வார்த்தவை. குழி விழுந்திருந்தால் திரும்பக் குரோம் ஏற்றும் செலவு புதுசு வாங்குவதைவிட அதிகமாகும், புதுசு கிடைத்தால்.

நட்டு, போல்ட்டுகள் எப்படி இருக்கின்றன என்பதில் பிரித்தவரின் குணம் தெரியும். ஒவ்வொரு பையிலும் மார்க்கரில் "இடது கதவு கீல், மேல்" என்று எழுதி வைத்திருந்தால், அவர் செய்த மற்ற வேலையையும் கொஞ்சம் நம்பலாம். எல்லாம் காலி காப்பித் தகர டப்பாக்களில் கலந்து, எண்ணெயில் ஊறிக் கிடந்தால், தேடும் நேரத்துக்கே ஒரு வருஷம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என்ஜின்

"ரீபில்ட் பண்ணினது" என்றால் லேத் பட்டறை ரசீது எங்கே என்று கேளுங்கள். போர் (சிலிண்டரைக் கடைந்து அகலமாக்குவது) எவ்வளவு பண்ணினார்கள், கிராங்க் தண்டை எத்தனை அளவு தேய்த்தார்கள் என்று அதில் இருக்கும். ரசீது இல்லாத ரீபில்ட்டை பழைய என்ஜினாகவே எண்ணுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, கிராங்க் முனை போல்ட்டில் நீளமான கைப்பிடி மாட்டி மெதுவாகச் சுற்றுங்கள். சுற்றினால் நல்லது. ஜாம் ஆகியிருந்தால் உலகம் முடிந்துவிடவில்லை, ஆனால் விலையில் முழு ரீபில்ட்டும் கழிய வேண்டும். குளிர்ப் பிரதேசக் கார் என்றால் பிளாக்கின் வெளிப்பக்கத்தில் நீளவாக்கில் முடிபோன்ற வெடிப்பு இருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள். கூலண்ட் இல்லாமல் வெறும் தண்ணீரோடு விட்ட என்ஜின், ஒரு ஜனவரி ராத்திரியில் உறைந்து பிளந்துவிடும்.

அசல் என்ஜின் என்று அதிக விலை கேட்டால் மட்டும் எண்களைப் பாருங்கள். 1968-லிருந்து என்ஜின் பிளாக்கில் வின் நம்பரின் கடைசி இலக்கங்களை அடித்தார்கள். காரோடு ஒத்துப்போக வேண்டும். வார்த்த தேதியும் இருக்கும். செவியில் ஏ என்பது ஜனவரி, பி பிப்ரவரி என்று போகும்; சி 12 9 என்றால் 1969 மார்ச் 12. கார் தயாரான தேதிக்கு அது முந்தியிருக்க வேண்டும். பிந்தியிருந்தால் பேச்சே இல்லை.

கணக்கு

முடிந்த காரின் விலையிலிருந்து பின்னோக்கி வாருங்கள். அதே மாடல், ஓடும் நிலையில், கண்காட்சித் தரத்தில் இல்லாமல், 40,000 டாலருக்கு உண்மையில் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். ஏலத்தில் போன விலையைப் பாருங்கள். அதிலிருந்து மிச்ச வேலைக்கான செலவைக் கழியுங்கள், பிறகு தெரியாத விஷயங்களுக்காக மூன்றில் ஒரு பங்கு செலவைத் திரும்பக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் நீங்கள் கொடுக்கக்கூடிய விலை. சில நேரம் அது பூஜ்யத்துக்குக் கீழே போகும். அப்போது வாங்கக் கூடாது என்றில்லை, ஆசைக்காக எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்து வாங்குகிறீர்கள்.

முழுக் காரையும் சரியாகச் செய்ய ஆயிரம் மணி நேரம் போவது சாதாரணம். பட்டறையில் மணிக்கு 100 டாலர் என்றாலே கூலி மட்டும் ஒரு லட்சம் டாலர். ஆகவே, வேலையின் பெரும்பகுதியை உங்கள் கையால் செய்யப் போகிறீர்கள் என்றால் மட்டுமே பாதிக் கார் கட்டுப்படியாகும். இல்லையென்றால் யாரோ முடித்த காரை வாங்குங்கள். அதில் எந்தக் குறைவும் இல்லை. என் மஸ்டாங்கில் வயரிங், பிரேக் பைப், ரப்பர்கள், கிளிப்புகள், நட்டு போல்ட் என்று சில்லறை என நினைத்து எழுதாமல் விட்டவை மட்டும் 6,400 டாலரைத் தாண்டின. இடத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பிரித்த ஒரு கார் இரண்டு கார் நிற்கும் இடத்தைப் பிடிக்கும். வீட்டில் இருப்பவர்களிடம் அதைச் சொல்லிச் சம்மதம் வாங்குவது வேலையின் முதல் படி.

ஏன் நிறுத்தினார்

இதை நேரடியாக, மரியாதையோடு கேளுங்கள். வயதாகிவிட்டது, வீடு மாறுகிறோம், பிள்ளைகள் படிப்பு, கணவர் காலமாகிவிட்டார் என்பவை காரின் குறை அல்ல. அப்படிப்பட்ட வீடுகளில்தான் நல்ல கார் கிடைக்கும். கணவர் ஆசையாய்த் தொடங்கியதை விற்கும் பெண்மணியிடம் அடாவடியாகப் பேரம் பேசாதீர்கள். இன்ன இன்ன இல்லை, அதற்கு இவ்வளவு ஆகும் என்று தாளில் எழுதிக் காட்டிக் கேளுங்கள். அவர் நாளைக்கு அலமாரியில் இன்னொரு பெட்டியைக் கண்டெடுத்தால் உங்களைத்தான் கூப்பிடுவார். எங்களுக்கு அப்படித்தான் ஒரு அசல் கார்புரேட்டர் வந்து சேர்ந்தது. "நேரம் இல்லை" என்று மட்டும் சொல்லி, மூன்று வருஷத்தில் மூன்றாவது சொந்தக்காரர் என்று தெரிந்தால், ஒவ்வொருவரும் ஒரே இடத்தில் பயந்து நின்றிருக்கிறார்கள். அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் வரை பணத்தை எடுக்காதீர்கள்.

நேரில் பார்க்காத காருக்கு முன்பணம் அனுப்பக் கூடாது. பணத்தை விற்பவரின் வங்கியிலேயே காசாளர் காசோலையாக (வங்கியே பொறுப்பேற்கும் காசோலை) கொடுத்து, அங்கேயே டைட்டிலில் கையெழுத்து வாங்கிவிட்டால் இருவருக்கும் நிம்மதி. விற்பனைச் சீட்டில் வின் நம்பரோடு, "இரண்டு கதவு, என்ஜின் பிளாக், பதினான்கு பெட்டி" என்று சாமான்களையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

ஏற்றி வருவது

கார் உருளுமா, ஸ்டியரிங் திரும்புமா, பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று முதல் நாளே கேட்டால் விஞ்ச் (கம்பி சுற்றி இழுக்கும் கருவி) உள்ள டிரெய்லர் வேண்டுமா என்று தெரியும். உருளாத காருக்கு நாலு சக்கரத் தள்ளுபலகையும் நாலு ஆளும் வேண்டும். கழற்றிய கண்ணாடிகளைப் படுக்கவைக்காமல், போர்வை சுற்றி நிமிர்த்தி வையுங்கள். பானெட் மாட்டியிருந்தால் கயிறு போட்டுக் கட்டுங்கள். நெடுஞ்சாலைக் காற்றில் பழைய கொண்டி திறந்துகொள்ளும். பழைய பிரேக், கிளட்ச் தூசியில் கல்நார் இருக்கும், பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும். குழந்தைகள் விளையாடும் இடத்தில் பெட்டிகளைக் கொட்டாதீர்கள், காற்றழுத்தக் குழாயால் ஊதாதீர்கள்.

வீட்டுக்கு வந்த ராத்திரி ஸ்பேனரை எடுக்க வேண்டாம். ஜாம் ஆன என்ஜினாக இருந்தால் ஒவ்வொரு சிலிண்டரிலும் துரு இளக்கும் எண்ணெய் கொஞ்சம் ஊற்றி, பிளக்கை மூடிவிடுங்கள், அது ஊறட்டும். பிறகு ஒவ்வொரு சாமானையும் படம் எடுத்து, எண் போட்டு, எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று நோட்டில் எழுதுங்கள். நான்கைந்து ராத்திரி பிடிக்கும். துருப்பிடித்துப் பாதியாய் உடைந்த பிராக்கெட் வந்தாலும் குப்பையில் போடாமல் தனிப்பெட்டியில் வையுங்கள். புதுசு வந்து சேரும்போது துளைகள் சரியான இடத்தில் இருக்கின்றனவா என்று ஒப்பிட, கையில் இருக்கும் ஒரே மாதிரி அதுதான்.